கார்டய்யா தோட்டத்துக் காட்டுப் பூவரசு

எல்லோரும் சௌக்கியம்தானே? வெயில் ஏறிக்கொண்டு வருகிறதே, மோர் குடிக்கிறீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா? வலியெல்லாம் எங்கேயும் போய்விடாது. அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு வாருங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு புளிய மரத்துக்கு நாள் குறித்த கதை இது.

நாள் குறிக்க வைத்தவர் ஆரோக்கியசாமி. குன்னூர் மலை ரயிலில் இருபத்தெட்டு வருஷம் கார்டு வேலை பார்த்து, 1958-இல் ஓய்வு பெற்று, மனைவி அன்னாளோடு அஸ்தம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். வேலை போனாலும் பேர் போகவில்லை. தெருவே அவரைக் கார்டய்யா என்றுதான் கூப்பிட்டது. பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் மூன்றும் நடுக்கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கின. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படுவதற்குக்கூட வாசலில் நின்று ஒரு விசில் கொடுத்துவிட்டுத்தான் நடப்பார். அன்னாள் அந்த விசிலுக்குள் கொண்டை போட்டு முடித்தாக வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய இடம். முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஆறு மாமரம், இரண்டு பலா. உச்சி வெயிலிலும் உள்ளே போனால் நிழலாக இருக்கும். அதைப் பார்த்ததுமே கார்டய்யாவுக்குக் குன்னூர்ச் சோலைக்காடு ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சோலையில் தை, மாசி மாதங்களில் காட்டுப் பூவரசு பூக்கும். ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் கை கொள்ளாத கொத்து, இரத்தச் சிவப்பு. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ரோடோடெண்ட்ரான் என்பார்கள். அதற்குத் தங்கச்சி மாதிரி அசேலியா என்று இன்னொன்று, குட்டையாக, ரோஸ் நிறத்தில்.

"இங்கயும் பூக்க வெக்கிறேன் பாரு அன்னாளு. இந்த நெழலே போதும். சேலத்துச் சனம் டிக்கெட்டு வாங்காம ஊட்டியப் பாக்கட்டும்" என்றார்.

"ஏனுங்க, இந்த ஊர்க் கெணத்துத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது. பூவு பூக்குமுங்களா?"

"பருப்பு வேற, பூ வேற. அடுப்படி ஞாயத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வராத."

ஐப்பசியில் செடிகள் வந்தன. குன்னூரில் தோட்ட வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவர் கொடுத்தது. இடுப்பளவு வளர்ந்த காட்டுப் பூவரசு இரண்டு, அசேலியா மூன்று. வேரைச் சுற்றி ஈரப்பாசி கட்டி, மூங்கில் கூடையில் வைத்து, ரயிலின் கடைசியில் கார்டு ஏறுகிற பெட்டியிலேயே ராஜ மரியாதையோடு சேலம் ஜங்ஷன் வரை பயணம் செய்து வந்தன. ஒரு காட்டுப் பூவரசின் நுனியில் பெரிய மொட்டு ஒன்றுகூட இருந்தது, செதில் மூடி, சின்னக் கத்திரிக்காய் அளவில்.

கார்டய்யா தோட்டத்தை ஸ்டேஷன் ஆக்கினார். மரத்தடியில் ஒரு சருகு இருக்கக் கூடாது. காலையும் மாலையும் பெருக்கி, தரை பளிச்சென்று இருக்கும். செடியைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். பிளாட்பாரத்து ஓரக் கல் எப்படி இருக்குமோ அப்படி. சனிக்கிழமை தோறும் புதுச் சுண்ணாம்பு. வாளியில் மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று, பூச்சி வராமல் இருக்க, தண்டுக்கும் ஒரு பூச்சு பூசிவிடுவார். அப்புறம் கிணற்றுத் தண்ணீர், செடிக்கு இரண்டு குடம்.

மூன்றாவது வாரம் அசேலியா மூன்றும் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றன. கார்த்திகை பிறந்ததும் ஒரு காட்டுப் பூவரசு போனது. மொட்டு வைத்திருந்தது மட்டும் உயிரோடு இருந்தது. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. காமாலைக்காரன் கண் மாதிரி.

"சீக்கு. இதைப் புடுங்கிக் குப்பையில போட்டு எரிச்சிரு" என்று சொல்லிவிட்டு, மனசு தாங்காமல் கார்டய்யா செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நடக்கப் போய்விட்டார்.

அன்னாள் பிடுங்கினாள். ஆனால் மொட்டைப் பார்த்தால் அடுப்பில் வைக்க மனசு வரவில்லை. பிள்ளைத்தாச்சியை யாராவது எரிப்பார்களா?

தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஆள் உயரச் சுவர். அன்னாள் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறினால் அந்தப் பக்கம் தெரியும். அங்கே நசுருல்லா பாயின் வீடு. பாய் புளி வியாபாரி. கொல்லையில் சுவரை ஒட்டி ஒரு பெரிய புளிய மரம். அதன் அடியில்தான் பாயின் மனைவி அஜீஸுன்னிசா பாத்திரம் துலக்குவாள், புளி தட்டுவாள், அன்னாளோடு ஊர்க்கதை பேசுவாள்.

"அஜீசக்கா, இந்தப் புள்ளையைக் கொஞ்சம் புடிங்க."

"என்னா அன்னாளு, மஞ்சக் குளிச்ச பொண்ணாட்டம் இருக்குது?"

"அவரு எரிக்கச் சொன்னாருக்கா. எனக்குக் கை வரல. ஓரமா எங்கனாச்சும் நட்டு வையுங்க. பொழச்சா பொழைக்கட்டும்."

அஜீஸுன்னிசாவுக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாத்திரம் துலக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் மண் எப்போதும் ஈரம், தோண்டச் சுலபம். அங்கேயே குழி பறித்து வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த விவசாயம். மற்றபடி செப்புச் சட்டியும் பித்தளைக் குடமும் புளி போட்டுத் தேய்த்த தண்ணீர் தினமும் அதன் காலடிக்கு ஓடியது. புளியங்கோதும் நாரும் அதன் மேலேயே குவிந்தன. மரத்து இலை உதிர்ந்து மெத்தை போட்டது. யாரும் பெருக்கவில்லை.

மார்கழியில் புது இலை வந்தது, கரும்பச்சையாக. இலையின் அடிப்பக்கம் காப்பித்தூள் நிறத்தில் பூனை முடி. அன்னாள் தினமும் கல்லின் மேல் ஏறிப் பார்த்தாள். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. எரித்தாயா என்று அவர் கேட்டதற்கு, ஏற்கெனவே தலையை ஆட்டி வைத்திருந்தாளே!

இந்தப் பக்கம் கார்டய்யா விசாரணைக் கமிஷன் நடத்தி முடித்திருந்தார். குற்றவாளி புளிய மரம்.

"அதோட பாதிக் கொம்பு நம்ம தோட்டத்துல நீட்டிக்கிட்டு நிக்குது. புளியமரத்தடியில புல்லு மொளைக்குமா? அந்த இலை உழுந்துதான் என் செடி அத்தனையும் செத்துச்சு."

அவர் நேரே பாயிடம் போனார். அடுத்த மாசம் குன்னூரிலிருந்து மறுபடி ஐந்து செடி வருகிறது, அதற்குள் மரத்தை எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும் என்றார். நசுருல்லா பாய் சண்டைக்காரர் இல்லை. சண்டைக்காரராக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"பக்கத்து வூட்டுக்காரர் மனசு நோவக்கூடாது கார்டய்யா. காய உலுக்கிக்கிறேன். உங்க தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு முந்தின திங்கக்கெழமை ஆளை வெச்சு வெட்டிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அஜீஸுன்னிசா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அன்னாள் கல்லின் மேல் ஏறி "அக்கா" என்று கூப்பிட்டால், பதிலுக்கு அண்டாவைத் தேய்க்கிற சத்தம்தான் வரும், கூடுதல் பலத்தோடு. சண்டை போட்டாலாவது ஒரு வழி உண்டு. அண்டாவோடு என்ன பேசுவது? அஸ்தம்பட்டிக்கு வந்த நாளிலிருந்து அன்னாளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. மரம் விழுந்தால் அந்த முகத்தை அப்புறம் எந்தக் கல்லின் மேல் ஏறிப் பார்ப்பது?

வெட்டுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அன்னாள் சேலையைக்கூட மாற்றாமல் கல்லின் மேல் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றாள். மொட்டு வெடித்திருந்தது. செதிலைத் தள்ளிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மணிகள், அத்தனையும் சிவப்பு. பாதி விரிந்திருந்தன.

"அக்கா! பூத்திருச்சுக்கா!"

அஜீஸுன்னிசா முகத்தைத் திருப்பவில்லை. "பூத்தா பூக்கட்டும். நாளைக்கு மரம் உழுறப்ப அதும் அடியில போயிரும்."

"இப்பவே அவருகிட்ட சொல்லிப்போடறேன்."

"சொல்லாத! செடியக் காட்டி மரத்துக்கு உசுருப் பிச்சை கேட்டேன்னு ஆவக்கூடாது. எங்க வூட்டாளு குடுத்த வாக்கு குடுத்ததுதான்." அப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "ஒரே ஒரு கொத்து, என்னா அழகு பாத்தியா அன்னாளு? நாத்தனாரு கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு செவப்புச் சேல கெடைக்கல."

"சரிக்கா. நான் சொல்லல" என்றாள் அன்னாள்.

சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை காலை மரம் வெட்டுகிற வீரன் கோடாலியும் கயிறுமாக இந்தப் பக்கம் வந்து நின்றான். நீட்டிய கொம்பை முதலில் கழித்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் போய் அடிமரம். அதுதான் திட்டம்.

"எந்தக் கொம்புல ஆரம்பிக்கட்டுங்க சாமி?" என்றான்.

கார்டய்யா வாயைத் திறப்பதற்குள் அன்னாள் முந்திக்கொண்டாள். "ஏனுங்க, வீரனுக்கு என்ன தெரியும்? ஏணி வெச்சிருக்குது. நீங்களே ஏறி அடையாளம் காட்டுங்க. கொடி காட்டிப் பழகுன கையி உங்களுது."

அந்த வார்த்தை போதாதா? கார்டய்யா உள்ளே போனார். திரும்பி வரும்போது கழுத்தில் விசில், கக்கத்தில் பச்சைக் கொடி. விசில் ஊதிக் கொடியை அசைத்தால்தான் கோடாலி விழ வேண்டும் என்று வீரனுக்குச் சட்டம் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். அன்னாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மனசுக்குள் அருள் நிறைந்த மரியே ஜெபம் பாதி வரை வந்துவிட்டது.

விசில் சத்தம் வரவில்லை.

"சாமி, கோடாலி கனக்குதுங்க" என்றான் வீரன்.

மேலேயிருந்து "அன்னாளு" என்று ஒரு குரல், அவருடையது மாதிரியே இல்லாமல். "அங்க ஒண்ணு பூத்திருக்குது."

"என்னதுங்க?"

"காட்டுப் பூவரசு. முழுக் கொத்து." அப்புறம் சந்தேகம் தட்டிவிட்டது. "எரிச்சேன்னு சொன்ன?"

"சொல்லலைங்க. தலைய ஆட்டினேன்."

அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. அஜீஸுன்னிசாதான். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றாள். அத்தனை நாள் அண்டாவோடு பேசியதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு வந்தது.

"என்னா கார்டய்யா, செவப்பு காட்டியாச்சு. வண்டி நிக்குமா, இல்ல எங்க மேலயே ஏறிப் போவுமா?"

இருபத்தெட்டு வருஷத்தில் சிவப்பைப் பார்த்தும் வண்டியை விட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கார்டய்யா பச்சைக் கொடியைச் சுருட்டினார். நிதானமாகச் சுருட்டினார், அவசரமே படாமல். பிறகு, "இந்த மரத்தடியிலதானே இருந்துச்சு? இதே இலைதானே உழுந்துச்சு?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

அன்னாளுக்கு அவ்வளவு நாள் அடக்கியது அப்போதுதான் வாய்க்கு வந்தது. "ஏனுங்க, குன்னூர்ச் சோலைக்காட்டுல யாருங்க ரெண்டு வேளை கூட்டிப் பெருக்குனாங்க? யாரு சனிக்கெழமை சனிக்கெழமை சுண்ணாம்பு அடிச்சாங்க? நம்ம ஊருத் தண்ணியிலயே சுண்ணாம்பு. குடத்துல படியுற வெள்ளைய எதைப் போட்டு எடுக்குறோம்? புளியத்தானே? அக்கா தெனமும் அதைத்தான் அதுக்கு ஊத்தியிருக்குது."

"அடுப்படி ஞாயம்" என்றார் கார்டய்யா, ஏணியில் நின்றபடியே.

"ஆமாங்க. அதேதான்."

இறங்கி வந்தவர் நேரே தெருவைச் சுற்றிக்கொண்டு பாய் வீட்டு வாசலுக்குப் போனார். நசுருல்லா பாய் அப்போதுதான் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "பாய், மரம் இருக்கட்டும். நான் சொன்னது தப்பு" என்றார் கார்டய்யா. அந்த இரண்டாவது வாக்கியத்தை அன்னாள் அவர் வாயால் கேட்டதே இல்லை. கேட்கக் கொடுத்து வைக்காமல் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பாய் சொல்லித்தான் பின்னால் தெரியும்.

"அப்பாடா" என்றாராம் பாய். "ராத்திரியெல்லாம் தூங்கல கார்டய்யா. அவ தூங்க விட்டாத்தானே?"

வீரனுக்குத்தான் நஷ்டம். வந்ததற்கு இட்லியும், அஜீஸுன்னிசா வீட்டிலிருந்து ஒரு படி புதுப் புளியும் கொடுத்து அனுப்பினார்கள். "பூவைப் பாத்து மரத்தை வெட்டாம உடற வூட்டை இப்பத்தானுங்க பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

மறுநாள் ஐந்து செடிகளும் வந்து இறங்கின. அவற்றைக் கூட்டி வர கார்டய்யா, வேருக்குப் போட ஒரு சாக்குப் புளியங்கோதோடு ஜங்ஷனுக்கே போனார். சருகுகளைப் பெருக்குவது நின்றது. கல்லை மட்டும் அவரால் விட முடியவில்லை. அத்தனையையும் பிடுங்கி வாசல் நடைபாதைக்கு இரண்டு பக்கமும் பதித்து, சனிக்கிழமைச் சுண்ணாம்பை அங்கே அடித்துக்கொண்டார். அந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன. சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நோன்புக் கஞ்சித் தூக்கு வரும். தூக்கு திரும்பும்போது, அந்தப் பக்கத்துச் செடிக்கென்று, பாத்திரம் துலக்கிய தண்ணீரும் ஒரு குடத்தில் கூடவே போகும். அன்னாளும் புளி போட்டுத்தான் துலக்கினாள்.

எல்லாம் பூத்துக் குலுங்கின என்று சொன்னால் பொய். ஐந்தில் மூன்று சித்திரை வெயிலுக்குப் போயின. ஒரு அசேலியா இரண்டு தை மாதம் ரோஸ் பூ காட்டியது. அஜீஸுன்னிசாவின் செடி 1962 வரை நின்றது. பூத்தது மூன்றே மூன்று கொத்து. ஒவ்வொரு கொத்துக்கும் கார்டய்யா ஏணியில் ஏறிப் பார்த்தார். புளிய மரத்துக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்கு இரண்டு வீட்டுக்கும் இலையைக் கொட்டிக்கொண்டு நின்றது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஊர் விட்டு ஊர் வந்த செடி ஏதாவது இருக்கும். பிழைத்ததா, போனதா, யார் என்னத்தை ஊற்றிக் காப்பாற்றினார்கள்? காப்பித் தண்ணீரோ கழுநீரோ, கூச்சப்படாமல் ஒரு கடுதாசி போடுங்கள். பக்கத்து வீட்டு மரத்தோடு சண்டை போட்டவர்கள் முதலில் எழுதுங்கள்.