கண்ணுக்குள் இடம்

ஆடுகோடியில் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருந்த கிளெமென்ட்டின் கண்மணிகளில், எதிரே நிற்பவரின் பிம்பம் தெரியாமல் போனது ஒரு ஜூன் மாதத்தில். முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி ஆஞ்சலா. ஆரணியிலிருந்து சாமான் ஏற்றி வந்தபோது கண்ணாடி உடைந்துவிட்டது. புதிது வாங்காமல், வேலைக்குக் கிளம்பும்போது கணவனின் கண்ணில் பார்த்தே தலைக்குக் கிளிப் குத்துவாள். அன்றும் குனிந்து பார்த்தாள். பின்னால் ஜன்னல் தெரிந்தது, கொடியில் காய்ந்த துண்டு தெரிந்தது, அவள் இல்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, பார்வையில் குறையில்லை என்றார். "நல்லா தூங்குறீங்களா?" என்று கேட்டார். கிளெமென்ட் சிரித்தான்.

கால் சென்டரில் இரவு வேலை. மற்றவர்களுக்கு ஷிப்ட் போடுவது அவன்தான். பகலில் படுத்தால் கீழே லேத் இரும்பைச் சீவும், கட்டில் நடுங்கும். இரண்டு வருடம் அப்படிப் போனது. முன்பெல்லாம் லீவு கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்தே கொடுத்துவிடுவான். இப்போது அழுதுகொண்டு நின்றாலும் தூரத்து மழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆஞ்சலாவின் அப்பா இறந்த செய்தி வந்த காலையில், "சரி, ஊறுகாய் எங்க?" என்றான். ஆள் குறையாமல் ஷிப்ட் நடத்தியதற்கு ஆபீசில் அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

கண்ணுக்குள் நுழைய முடியாதவர்கள் ஜன்னல் திட்டில் வந்து நின்றார்கள், கட்டைவிரல் உயரத்தில். லீவு கிடைக்காத சஹானா நின்றாள், பால்காரர் நின்றார். ஆஞ்சலாவும் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். நிஜ ஆஞ்சலாவுக்கு அது ஆறாம் மாதம். எல்லாரும் கட்டிலையே பார்த்தார்கள். அவர்கள்மேல் படாமல் தூசி தட்ட அவள் பழகிக்கொண்டாள்.

பிறகு ஆபீஸ் வேன் டிரைவர் சின்னப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு கிளெமென்ட்டிடம் வந்தார். "ஒரு மாதிரி இருக்குது சார். இன்னிக்கு விட்டுடுங்க."

"ஆள் இல்ல சின்னப்பா. ஒரே ஒரு டிரிப் அடிச்சிட்டுப் போய்ப் படுங்க."

எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டு, வேனை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்ட பின் அவர் இறந்தார். காலையில் அவரும் திட்டில் நின்றார், கையில் சாவியோடு.

ஆஞ்சலா கணவனை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கினாள். "அண்ணா, ஒரு நாள் மெஷின நிறுத்துங்க."

"ஏனம்மா, உங்க வீட்டுக்காரர் தூங்க நான் கடைய மூடணுமா? தாலாட்டும் பாடட்டா?" என்றார் பட்டறைக்காரர் வெங்கடகிருஷ்ணன்.

"அவர் கண்ண ஒரு தடவ பாருங்க."

பார்த்தார். தன் தலை இருக்க வேண்டிய இடத்தில் பின்சுவர் காலண்டர் தெரிந்தது. போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஆஞ்சலா."

"உங்களுக்கு இல்லீங்க. பொறக்கப்போற புள்ள உங்க கண்ணப் பார்த்தா, உள்ள யாரு இருப்பா?"

அவன் ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கினான். திட்டில் இருந்தவர்கள் திரைச்சீலையைப் பிடித்து இறங்கி, தலையணையோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, இமைக்கடியில் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். சின்னப்பாவும் வந்தார். உயிரோடு இல்லாதவரை இமை உள்ளே விடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திட்டுக்கே திரும்பினார்.

விழித்ததும் கிளெமென்ட் மனைவியைப் பார்த்தான். "உங்கப்பா போயிட்டாரா?" என்று கேட்டு, அன்றைய செய்திபோல அழுதான். அப்புறம் ஜன்னல் திட்டில் நின்ற சின்னப்பா பக்கம் திரும்பினான், பார்த்தபடியே இருந்தான்.

பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினான். அக்டோபரில் பெண் பிறந்து, அப்பாவின் கண்ணில் தன்னைப் பார்த்துச் சிரித்தது. சின்னப்பா இன்னும் சாவியோடு அங்கேயே நிற்கிறார். ஜன்னலைச் சாத்தும்போது அவர் கால் நசுங்காமல் விரலகலம் விட்டுச் சாத்துகிறார்கள். அந்த இடுக்கு வழியாகச் சாரல் வரும்; துடைத்துக்கொள்கிறார்கள்.