கட்டைச் சத்தம்

ஜெஸீம் காக்கா பின்னறைக் கதவைப் பாதி சாத்தியதும் லக்சன் தன் மனைவியின் முழங்கையை மெல்ல இடித்தான். கேசினி திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அதைக் கவனித்திருந்தாள்.

கல்முனை பஸாரில் ரேடியோ, டிவி திருத்துகிற கடை அது. முன்பக்கம் ஒரு நீண்ட மேசை இருந்தது. கீபோர்டை அதில் வைத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் ஜெஸீம் அவர்களைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சாமான் அறைக்குக் கூட்டி வந்து, படுக்கை விரிப்பால் மூடியிருந்த கீபோர்டைத் திறந்து காட்டினார்.

"புது ஓகன் தங்கச்சி. மச்சான் கத்தார்ல இரிந்து அனுப்பினது. ஒருத்தரும் தொட்டதில்ல."

"பில் இருக்கா காக்கா?" லக்சன் கேட்டான்.

"வெளிநாட்டால வந்த சாமானுக்கு என்ன பில்லு?"

கேசினி சுனாமிக் கடல் வருவதற்கு முன்பு பாண்டிருப்பில் ஓர் இசைக்குழுவில் வாசித்தவள். அலை அவளுடைய வீட்டையும் கீபோர்டையும் கொண்டுபோனது. குழுவில் தபேலா வாசித்த கதிர்காமனையும் கொண்டுபோனது. அதன்பின் கிடைத்த ஓரிரண்டு கச்சேரிகளை வாடகைக் கீபோர்டில் ஓட்டினாள். இப்போது யுத்தம் முடிந்து சில மாதங்கள். கோயில் திருவிழாக்களில் மறுபடியும் பாட்டுக் கச்சேரி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லாக் குழுவும் ஒரே நாளில் வாடகைக்குக் கேட்டால் கீபோர்ட் எங்கே கிடைக்கும்? சொந்தமாக ஒன்று வேண்டும். ஜெஸீம் சொன்ன விலையோ கொழும்பில் பாதிக்குக்கூட வராது. லக்சனுக்கு முதலில் சந்தேகம் தட்டியது அந்த விலையில்தான்.

வயரைச் செருகப் போன ஜெஸீமைக் கேசினி தடுத்தாள்.

"கரண்ட் வேணாம் காக்கா. முதல்ல சும்மா பார்க்கிறன்."

சத்தம் வந்துவிட்டால் காது மயங்கிவிடும், விரல் சொல்வது கேட்காது என்பது அவள் அனுபவம். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக்கொண்டு வந்தாள். தாழ்ந்த சுரங்களின் கட்டைகள் விறைப்பாக இருந்தன. அமுக்கிய விரலைத் திருப்பித் தள்ளின. அவை மெய்யாகவே புதுசு. நடுவைத் தாண்டி வலப்பக்கம் போனதும் கை வேறோர் ஊருக்குள் நுழைந்ததுபோல இருந்தது. அங்கே கட்டைகள் இளகிக் கிடந்தன. பக்கவாட்டில் ஆட்டினால் ஆடின. விட்டதும் 'டொக்' என்று அடியில் மோதின. கறுப்புக் கட்டைகளின் விளிம்பு தேய்ந்து பளபளத்தது.

"இப்ப போடுங்க" என்றாள்.

கீபோர்டில் பதிந்திருந்த பின்னணித் தாளங்களான ஸ்டைல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். இந்தியத் தாளம் என்று போட்டிருந்ததில் தபேலா தகரப் பேணியில் விரலால் தட்டுவதுபோல இருந்தது. தபேலாவைக் கண்ணால் காணாத ஒருவன், யாரோ சொல்லக் கேட்டுச் செய்ததாக இருக்க வேண்டும். பைலா ஆட்டப்பாட்டுக்கென்று எந்தக் கம்பனிக்காரனும் ஸ்டைல் வைப்பதில்லை. ஆறு தட்டில் போகிற ஒரு வெளிநாட்டு மேளத்தை எடுத்து வேகத்தைக் கூட்டினாள். அது நன்றாக ஓடியது. கலியாண வீட்டில் சனத்தை எழுப்பி ஆடவைக்கும். முடிப்பில் மட்டும் கொஞ்சம் அலட்டல். கடைசியாக மூன்று தட்டில் மெதுவாகப் போகிற வோல்ட்ஸ் என்ற மேல்நாட்டு நடனத் தாளத்தைப் போட்டாள். பின்னணியில் வயலின்கள் மூச்சு விடுவதுபோல எழுந்து தணிந்தன. இந்த விலைக்கு இப்படியொரு வயலினா என்று நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். அந்த ஸ்டைலின் பொத்தானில் மட்டும் எழுத்து முழுதாக அழிந்திருந்தது.

சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினாள். அது இறுகிப்போயிருந்தது. பின்பக்கம் ஹெட்போன் செருகும் துளைக்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். துளை தளர்ந்து ஆடியது.

"காக்கா, இது பாவிச்ச சாமான்."

"இல்ல."

"பாவிச்சது பிழையில்ல. ஆர் பாவிச்சது எண்டு சொன்னாக் காணும்."

ஜெஸீமின் முகம் மாறியது. அவளையும் லக்சனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நாட்களில் கடைக்கு வந்து கேள்வி கேட்கிற எல்லாரும் சாமான் வாங்க வருகிறவர்கள் அல்ல; உளவு பார்க்க வருகிறவர்களும் இருந்தார்கள்.

"உங்கள ஆரு இஞ்ச அனுப்பின?"

"ஒருத்தரும் அனுப்பல்ல. விக்கிறதெண்டு கேள்விப்பட்டு வந்தம்."

"அப்ப ஏன் அடியையும் முதுகையும் தடவிப் பாக்கிறயள்? வேணுமெண்டா இண்டைக்கே கொண்டு போங்க. விலையில இன்னும் குறைச்சிக்கலாம். நாளைக்கு வந்தா இரிக்காது."

லக்சன் அதற்குமேல் நிற்கவில்லை. கேசினியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தான்.

"கள்ளச் சாமான்" என்றான் வண்டியை எடுத்தபடியே. "கதவைச் சாத்திக் காட்டுறார். இண்டைக்கே கொண்டு போ எண்டுறார். செக்பொயின்ற்ல ஆமிக்காரன் கேட்டா என்ன சொல்லுற? இல்லாட்டி கடல்ல கிடந்து எடுத்ததா இருக்கும்."

"உப்புத்தண்ணி பட்டிருந்தா உள்ளுக்க கறள் பிடிச்சிருக்கும். இதுக்குள்ள ஒரு கரகரப்பும் இல்ல."

"அப்ப களவுதான்."

"கள்ளன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கா வோல்ட்ஸ் வாசிப்பானா?"

லக்சன், எதுவாக இருந்தாலும் அந்தக் கடைப்பக்கம் இனிப் போகக்கூடாது என்றான்.

அவளால் விடமுடியவில்லை. சமைக்கும்போதும் விரல்கள் அந்த இளகிய கட்டைகளை நினைத்தன. யாரோ வலது கையால் மட்டும் வாசித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கேட்காமல் வாசித்திருக்கிறார்கள். ஜெஸீமின் விரல்களை அவள் பார்த்திருந்தாள். ஈயம் பற்றவைத்துக் காய்த்துப்போன விரல்கள், நகங்கள் நீளம். அவர் இல்லை. அப்படியென்றால் யார்? ஏன் மறைக்கிறார்?

அடுத்த கிழமை லக்சன் மீன் தோணிக்குப் போன ஒரு காலையில் தனியாக பஸ் ஏறிப் போனாள். அவளைக் கண்டதும் ஜெஸீம் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார்.

"இண்டைக்கு ஏலாது தங்கச்சி. வெள்ளிக்கிழமை வாங்க. வெள்ளிக்கிழமையில வீட்டில ஆக்கள் இரிக்காது."

"வீட்டில ஆக்கள் இருந்தா என்ன காக்கா?"

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். வாக்குவாதம் வளர்வதை அவர் விரும்பவில்லை. பேசாமல் பின்னறையைத் திறந்துவிட்டு, ஒரு ஹெட்போனை எடுத்துச் செருகி அவள் கையில் கொடுத்தார்.

"இத மாட்டிக்கிட்டுப் பாருங்க. சத்தம் வெளிய வரப்படாது."

அவள் வோல்ட்ஸைப் போட்டு நாலு சுரம் வாசிப்பதற்குள் தளர்ந்த துளையிலிருந்து ஹெட்போன் கழன்று விழுந்தது. வயலின்கள் அறை முழுக்க எழுந்தன.

வீட்டுப்பக்கக் கதவு திறந்தது. தலையில் முந்தானையும் கையில் கறிக்கரண்டியுமாக ஒரு பெண் நின்றாள். கீபோர்டின் முன்னால் அந்நியப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"ஆரு இது?"

ஜெஸீமின் கண்கள் கேசினியைக் கெஞ்சின. களவு எங்கே நடந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த மனிதர் தன் மனைவியிடமிருந்துதான் களவெடுத்து விற்கப் பார்க்கிறார்.

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "விக்கிறதெண்டு சொன்னாங்க ராத்தா. பார்க்க வந்தன்."

"விக்கிறதா?"

ஜெஸீமின் மனைவி முனவ்வறா கரண்டியோடு அறைக்குள் வந்தாள். முன்பக்கத்திலிருந்து யாரோ, "காக்கா, ரிமோட்டுக்கு பற்றரி இரிக்கா?" என்று கூப்பிட்டார். "இல்ல, பொறகு வாங்க" என்றார் ஜெஸீம், திரும்பாமலே. பிறகு மனைவியிடம் பேசத் தொடங்கினார்.

"என்னால ஏலாது முனவ்வறா. நான் அங்கால இரிந்து வேலை செய்யிறன். ஒவ்வொரு நாளும் பகலுக்குச் சாப்பிட்ட கையோட நீ இதுல வந்து குந்துறாய். டொக்கு, டொக்கு, டொக்கு. பாட்டுமில்ல, ஒரு மண்ணுமில்ல. மையத்துக் கொண்டுபோற சந்தூக்குப் பெட்டிக்குள்ள இரிந்து ஆரோ தட்டுற மாதிரி இரிக்கு. நாலு வருஷமா அந்தச் சத்தத்தத்தான் நான் கேட்டுக்கிட்டிரிக்கன்."

"அப்ப ஏன் ஒரு நாளும் வந்து கேக்கல்ல?"

"பயந்தான். புள்ளையோட கதைக்கிறாயோ எண்டு."

அவர்களுக்கு நப்லா என்றொரு மகள் இருந்தாள். டிவியில் கீபோர்டைப் பார்த்துவிட்டு, கத்தாரில் இருந்த மாமாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு அனுப்பச் சொன்னவள். சாமான் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது. பெட்டி வந்து சேர்ந்தபோது வீடும் இல்லை, நப்லாவும் இல்லை. சம்மாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர்களிடம் அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இதைக் கேசினிக்குச் சொன்னவள் முனவ்வறாதான். அழவில்லை. வேறு யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, எதிர்பாராமல் கேட்டாள்:

"நீங்க வாசிக்கிற ஆளா? இது நல்ல சாமானா? எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல."

கேசினி உள்ளதைச் சொன்னாள். "தபேலா பொய் ராத்தா. பிஸ்கற் ரின்னில தட்டுற மாதிரி. வலப்பக்கக் கட்டையள் இளகிப்போச்சு. முடிக்கிற நேரம் மேளகாரன் கொஞ்சம் நடிக்கிறான். ஆனா இந்த வயலின் நல்லம். நீங்க இதைத்தான் எந்நேரமும் போடுறீங்க, என்ன?"

முனவ்வறாவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "ஓம். மத்ததெல்லாம் அவசரப்படுத்துது."

கரண்டியை அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் ஹெட்போனைத் தேடியது.

"அது வேணாம், சும்மா வாசியுங்க" என்றாள் கேசினி.

"கடைக்குக் கேக்கும்."

அவள் கணவனைப் பார்த்தாள். கேசினிக்கு அப்போதும் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை, வயரைப் பிடுங்கிவிடுவாரோ என்றுதான் நினைத்தாள். ஜெஸீம் குனிந்து, இறுகிப்போயிருந்த குமிழை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார்.

முனவ்வறா வலது கையால் மட்டும் வாசித்தாள். சின்ன மெட்டுத்தான். நாலைந்து சுரத்துக்குள் சுற்றிச்சுற்றி வந்தது. எங்கேயும் படித்த கை இல்லை. சில இடங்களில் தாளம் முன்னால் போக, அவள் பிந்தி ஓடிப் பிடித்தாள். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேசினி பல மேடைக்காரர்களிடம் கண்டதில்லை.

ஜெஸீம் ஒரு பழைய டிவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது நப்லா குளிக்கக்குள்ள இழுக்கிற பாட்டு..."

"ஓம்" என்றாள் முனவ்வறா, கையை நிறுத்தாமல். "வாளியில தட்டித்தட்டி இழுக்கிறது. எனக்கு மறந்து போயிரும் எண்டு பயம். அதுதான்."

அவர் உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். கேசினி தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முன்கடையில் பற்றரிக்கு வந்தவர் இன்னும் போகாமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நடந்ததை லக்சனுக்குச் சொன்னபோது அவன் பாதிதான் நம்பினான். கூடுதல் விலைக்கு யாரோ வந்திருப்பார்கள், உன்னை ஏமாற்றக் கதை கட்டியிருக்கிறார்கள் என்றான். அந்த வருஷக் கோயில் திருவிழாவை அவள் ஒரு வாடகைக் கீபோர்டில்தான் வாசித்தாள். அதில் நடுக்கட்டை ஒன்று அமுக்கினால் எழும்பாது. நகத்தால் நெம்பி எழுப்பி எழுப்பிக் கச்சேரியை முடித்தாள்.

கார்த்திகை மழை தொடங்குமுன் ஜெஸீம் பாண்டிருப்பில் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கொழும்பிலிருந்து கேசினிக்கென்று ஒரு பாவித்த கீபோர்ட் எடுத்து வந்திருந்தார், இந்தமுறை பில்லோடு. லக்சன் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கேசினி கரண்ட் போடாமல் கட்டைகளை அமுக்கத் தொடங்கினாள். ஜெஸீம் சிரிக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்த காரியத்தைச் சொன்னார்.

"அவக்கு இடது கை வராது தங்கச்சி. நீங்க காட்டிக் குடுப்பயளா?"

அதன்பின் கிழமைக்கொரு தடவை முனவ்வறா வரத் தொடங்கினாள். ஜெஸீம் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பாடம் முடிந்து அவள் வரும்வரை தெருமுனையில் நிற்பார். தமிழ்ப் பக்கத்திலும் முஸ்லிம் பக்கத்திலும் கதை கிளம்பியது. அடுத்த வளவுச் செல்லத்தங்கம் ஒருநாள் கேசினியை வேலியடியில் மறித்தாள்.

"உண்மையச் சொல்லு புள்ள. அந்தச் சோனகப் பொம்பிளை என்னத்துக்கு இஞ்ச வாறா?"

"கீபோர்ட் படிக்க."

"இந்த வயசில? ஆரோ அனுப்பித்தான் வாறா. பாத்துக்கொண்டிரு."

அடுத்த கிழமை உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தபோது செல்லத்தங்கம் வேலியோரம் கொடியடியில் நின்றாள். நல்ல வெயில். கையிலிருந்த சேலையை எப்போதோ காயப்போட்டிருக்கலாம். அவள் அதை மறுபடியும் மறுபடியும் பிழிந்துகொண்டு, காதைப் பாட்டு வந்த பக்கம் வைத்தபடி நின்றாள்.