இடுப்பளவு

அந்த மனிதருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஓட்டுச் சீட்டில் பார்த்துவிட்டு, "ஓ, இதுதான் அவர் பேரா?" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக ஆச்சரியப்படுவார்கள். எல்லோருக்கும் அவர் இடுப்பளவு.

பத்து வருஷம் கவுன்சிலராக இருந்தார். சுற்று வட்டாரத் தண்ணீரெல்லாம் வந்து இளைப்பாறுகிற மாதிரி கிண்ணம்போலக் குழிந்த தெரு. ஆகவே மழை வந்தால் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றபோதெல்லாம் அவரும் கூடவே நின்றார். போனை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ரொட்டி கொடுத்தார், நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்தார், அழுதவர்களோடு சேர்ந்து அழுதார். அந்த அழுகையில் பொய் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தண்ணீர் ஏன் வருகிறது என்று யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. தெருவுக்கும்தான் ஏது நேரம்? எல்லோரும் மெத்தையை அலமாரிக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

போன தேர்தலின்போது மட்டும் கணக்கு தப்பிவிட்டது. வாக்குப்பதிவுக்குச் சற்று முன்னால் வந்த தண்ணீர் வடியமாட்டேன் என்று அடம்பிடித்து, நின்று, நாறி, கொசுவையும் பெற்றுப்போட்டது. யாரையாவது பழி வாங்கியே தீர வேண்டும் என்ற ஆத்திரத்தில் தெருவே போய் எதிராளிக்குக் குத்தியது. எதிராளி யாரென்று பார்த்தால், குழாய்க்கடைக்காரி. வேறு ஆள் கிடைக்காமல் கட்சி அவளைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தது. ஜெயித்த செய்தி வந்தபோது அவள் கடையில் யாருக்கோ வாஷர் தேடிக்கொண்டிருந்தாளாம்.

அவளுக்கு மேடையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும், யாருடைய சொற்பொழிவையும் கேட்டு நிற்காது என்பது தெரியும். என்ஜினீயர் ஆபீஸ் வாசலில் பழியாய்க் கிடந்தாள். தெருவைத் தோண்டிப் பெரிய குழாய் இறக்கினாள். தெருக்கோடியில் ஒரு மோட்டார் ரூம் கட்டி, தண்ணீரை இழுத்துக் கால்வாயில் தள்ள வைத்தாள். கால்வாயையும் பாதி தூரம் அகலப்படுத்திவிட்டாள். மீதிப் பாதியில் கடைகள் இருந்தன. "அதையும் முடிச்சாதான்மா ஆச்சு. இல்லேன்னா இன்னும் ரெண்டு மூணு மழைக்காலம் மோட்டார் தாங்கும், அப்புறம் கையை விரிச்சிடும்" என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார். இடுப்பளவோ, "கால்வாய் ஓரக் கடையில ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொட முடியாது" என்று மேடைக்கு மேடை சத்தியம் செய்துகொண்டிருந்தார். அதனால் அவளுக்கு இந்தத் தடவை ஜெயித்தாக வேண்டும். போன தடவை வேண்டாமலே கிடைத்தது. இந்தத் தடவை வேண்டி வேண்டி அலைந்தாள்.

ஓட்டுக் கேட்டு முதலில் போனது தையல்காரி வீட்டுக்கு.

"வாம்மா வா. அஞ்சு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா?"

நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. முந்தின நாள்தான் இருவரும் சேர்ந்து நின்று குப்பை வண்டிக்காரரோடு சண்டை போட்டிருந்தார்கள்.

"இப்பல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி வர்றதில்லையேக்கா" என்றாள் குழாய்க்கடைக்காரி, மெதுவாக, கடன் கேட்கிற குரலில்.

"தண்ணியா? மழை எங்கம்மா பெய்யுது? காலமே மாறிப்போச்சு."

"போன வருஷம் விடாம பெஞ்சுதேக்கா!"

"அது தூறல். எங்கம்மாவை முதுகுல தூக்கிட்டுப் போய் மாடியில விட்டாரே அவரு, அது மழை. நீ ரோட்டைத் தோண்டிப் போட்ட பாரு, அந்தத் தூசியில பிடிச்ச இருமல் இன்னும் என்னை விடல. வெள்ளைத் துணி தைக்க ஒருத்தி வரல தெரியுமா?" தையல்காரி இருமியே காட்டினாள். "உன்னை நான் குறை சொல்லல. நீ நல்லவதான். ஆனா எங்களுக்குன்னு என்ன செஞ்ச, சொல்லு."

தெரு முழுக்க இதே பாட்டுத்தான். ராகம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே கொழுந்தன். ஸ்டுடியோ வைத்திருப்பவன், கல்யாண வீடியோ எடுத்த அனுபவத்தில் அண்ணியின் தேர்தலையும் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க செஞ்சது தப்பு."

"எது?"

"தண்ணியே வராம பண்ணினது. வரவிட்டு நிறுத்தியிருக்கணும்."

"போடா."

"சிரிக்காதீங்க. காஞ்ச ரோட்டை எவன் பார்ப்பான்? நானும் படம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏழு லைக். அதுல ரெண்டு நான், ஒண்ணு அண்ணன்." நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினான். "வியாழக்கிழமை நல்ல மழைன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டு. மோட்டாரைக் கொஞ்ச நேரம் போடாம விடுங்க. கணுக்கால் நனையட்டும். ஜனங்க அலறிட்டு உங்களுக்குப் போன் போடுவாங்க. நீங்க ஓடிப்போய் மோட்டாரைப் போடுவீங்க. தண்ணி இறங்கும். நான் எல்லாத்தையும் படம் எடுப்பேன். அப்பதான் இப்படி ஒரு மோட்டார் இருக்கிறதே தெரியும்."

"வாயை மூடு. வீட்டுக்குள்ள தண்ணி பூந்தா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "கணுக்கால்தானே."

அந்தப் பேச்சு அவளை விடவில்லை. செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி வீடு வீடாகக் கூடவே நடந்தது. ஒரு நாள் கணுக்கால் நனைவதா, இனி வருஷா வருஷம் இடுப்பு நனைவதா என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். அப்படிக் கேட்டால் பதில் சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் "எங்கம்மா மழை பெய்யுது" என்று கேட்டுக் கேட்டு, பிடிக்காததைத் தள்ளி வைக்கிற தெம்பும் போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் வானம் பொத்துக்கொண்டது.

அவள் குடையோடு மோட்டார் ரூமுக்குப் போனபோது மோட்டார்காரர் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோயிருந்தார்.

"நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே. நான் பார்த்துக்கறேன்."

"மழை பிடிச்சிருச்சேம்மா. போட்டுட்டுப் போறேன்."

"நான் போடறேன். போங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். இந்த அஞ்சு வருஷத்தில் அவளை முழுசாக நம்பிய ஒரே குடிமகன். அவருக்கு ஓட்டு வேறு வார்டில்.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். போன் மடியில். மழை தகரக் கூரையில் ஆள் வைத்து அடிப்பதுபோல் அடித்தது. தெருமுனைக் கடை நிழலில் கேமராவோடு நின்ற கொழுந்தனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது: 'கணுக்கால்.' கொஞ்ச நேரம் கழித்து: 'ஏறுது. யாராவது கூப்பிட்டாங்களா?'

யாரும் கூப்பிடவில்லை.

போன் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்து, கொழுந்தனையே ஒரு தடவை கூப்பிடச் சொன்னாள். கணீரென்று அடித்தது. எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் காத்திருந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அவள் நம்பர் இருக்கிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் விடிவதற்குள் கூப்பிடுகிறவர்கள் அவர்கள். நாய் குரைத்தால்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடைசியில் அடித்தது. மாடி வீட்டு டியூஷன் டீச்சர்.

"சொல்லுங்க டீச்சர், சொல்லுங்க!"

"அந்த சிங்க் குழாய் வந்துருச்சாம்மா? கேட்டிருந்தேனே."

"சிங்க் குழாயா? கீழ தெருவுல தண்ணின்னு சொன்னாங்களே."

"ஆமாம்மா, முழங்கால் கிட்ட வந்துருச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இடுப்பளவுக்குச் சொல்லியாச்சு. வந்துட்டே இருக்காராம்."

"எனக்கு ஏன் டீச்சர் யாரும் சொல்லல?"

"உங்களுக்கா?" டீச்சருக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்க ரோடு, சாக்கடைன்னா பார்ப்பீங்க. இது வெள்ளமாச்சே."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். சுவிட்சை மேலே தள்ளினாள். மோட்டார் ஒரு முறை கனைத்து, உறுமி, இழுக்க ஆரம்பித்தது. குடையை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

இடுப்பளவு வந்துவிட்டிருந்தார். நடுத்தெருவில், போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முழங்காலைத்தான் தொட்டது. அதனால் கொஞ்சம் குனிந்து நின்றார் என்று பொல்லாத வாய்கள் சொல்லும். தையல்காரியின் மெஷினை அவரே தூக்கி வந்து பக்கத்து வீட்டுப் படியில் வைத்தார். "யாரும் பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்ல!" என்று அவர் கத்தவும், அடியில் குழாய் குடகுடவென்று தண்ணீரை விழுங்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. அவர் காலைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது. படி ஒன்று தெரிந்தது, அடுத்த படி தெரிந்தது. மாடிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது.

"கால் வச்சாரு பாரு, இறங்குது!"

அவருக்கே ஒன்றும் புரியவில்லை. வடிகிற தண்ணீரைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படம் எடுத்திருந்தான். எல்லாப் படத்திலும் இடுப்பளவு இருந்தார்.

அவள் நேரே தையல்காரி வீட்டுக்குள் போனாள். கல்யாண வீட்டு ஆர்டர், பள்ளிக்கூட யூனிஃபார்ம், வாடிக்கைக்காரர்களின் பட்டுத் துணி என்று மூட்டை மூட்டையாகத் தரையில் ஊறிக் கிடந்தன. முன்பெல்லாம் தையல்காரி ஒரு நூல்கண்டைக்கூடத் தரையில் வைக்கமாட்டாள். எல்லாம் பரணில்தான் இருக்கும். இந்த அஞ்சு வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்திருக்கின்றன. தண்ணீர் வராது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் நினைத்துப் பார்த்ததில்லை. கைதான் தன் பாட்டுக்கு நம்பி வைத்திருக்கிறது.

குழாய்க்கடைக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு மூட்டையை அவிழ்த்தாள்.

"ஓட்டுக்காக வந்தியா?" என்றாள் தையல்காரி. கண் வீங்கியிருந்தது.

"இல்லக்கா. பிழிய வந்தேன்."

ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். "அவரு மட்டும் வரலேன்னா மெஷினும் போயிருக்கும்" என்றாள் தையல்காரி. "அஞ்சு வருஷம் அவரு இல்லாம இருந்துட்டோம். பாரு, வந்துடுச்சு."

மோட்டாரைப் பற்றிச் சொல்லக் குழாய்க்கடைக்காரி வாயெடுத்தாள். சொன்னால், அது ஏன் முதலிலேயே ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துணியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? இடுப்பளவு முன்னெப்போதும் வாங்காத ஓட்டு வாங்கினார். ஜெயித்த மறுநாளே கடைக்கு வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, தேர்தல்னா அப்படித்தான்" என்று கையைக் கூப்பினார். போகிற போக்கில் ஒன்று கேட்டார். "அந்த மோட்டார்னு சொல்றாங்களே, அதை எப்பக்கா போடணும்? ஜனங்க கூப்பிட்ட உடனேயா?"

"கூப்பிடறதுக்கு முன்னாடி."

"கூப்பிடாம போட்டா போட்டது யாருக்குக்கா தெரியும்?" என்றார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவர் போன பிறகு அவள் கல்லாவுக்குத் திரும்பினாள். ஒருவர் வந்து அரை இஞ்ச் பைப்பு கேட்டார், கொடுத்தாள். பிறகு மோட்டார்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இனிமே மழை ஆரம்பிச்சா யாரையும் கேட்டுட்டு நிக்காதீங்க. போட்டுடுங்க. புதுக் கவுன்சிலர் வந்து வேணாம்னாலும் சரி, போட்டுடுங்க."

"சரிம்மா."

அவர் போனை வைக்கவில்லை. அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவர், அவள் விட்டுவிட்டுப் போன குடையை எடுத்து உலர்த்தி வீட்டில் கொண்டுவந்து கொடுத்தாரே தவிர, ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நீங்க வந்து வேணாம்னு சொன்னா?"

கடை வாசலில் யாரோ வந்து நின்றார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் வந்து சொன்னாலும் போட்டுடுங்கண்ணே" என்றாள்.