பல் வைத்த கத்தி

கயிறு பாதி அறுந்திருந்தபோது கத்தி மடங்கி மரியம்மாளின் விரல்மேல் விழுந்தது. பெரிய காயமில்லை. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஒரு கோடு, அதிலிருந்து மெதுவாகக் கசிந்த ரத்தம். முந்தானை ஓரத்தைக் கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு, பிரித்துக்கொண்டிருந்த சரக்குக் கட்டின் மேலேயே உட்கார்ந்தாள். வலியைவிட, உட்காரக் கிடைத்த காரணம்தான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

காஞ்சிபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த லாரி பார்சல் கிடங்கில் அவளுக்கு வேலை. பெங்களூர்ப் பட்டு நூல், சூரத் ஜரிகை, சாயப்பொடி டின்கள் என்று வருவதெல்லாம் சாக்கில் சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு வரும். ஆண்கள் இறக்கிப் போடுவார்கள். அவள் கயிற்றை அறுத்து, சாக்கைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகக் குவிக்க வேண்டும். மழை நாளில் நனைந்து வரும் கயிறு இரும்பு மாதிரி இருக்கும். கத்தி அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். சாயங்காலத்துக்குள் வலது தோள் தன்னுடையது இல்லை என்றாகிவிடும்.

மேஸ்திரி முனிசாமி வந்து கத்தியை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"ஆணி தேஞ்சி போச்சும்மா. இத வெச்சிக்கினு இனிமே வேல செய்யாத. விரலு போச்சின்னா அந்தோணிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கத்தி அந்தோணியுடையது. இந்த வேலையும் ஒருவகையில் அவனுடையதுதான். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கியவன், கள்ளுக்கடைகள் திறந்த வருஷம் ஒரு காலையில், தோளில் கட்டோடு அப்படியே சரிந்து விழுந்தான். குடித்திருப்பான் என்றார்கள். அவன் குடிக்கிறவனே இல்லை. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் வாய் கொஞ்சம் நேரானது, கால் ஒரு கம்பின் துணையோடு வாசல்வரை வந்தது, கை வரவேயில்லை.

வாசலுக்கு அப்பால் அவன் போகவில்லை. போக முடியாததால் அல்ல என்பது மரியம்மாளுக்குத் தெரியும். தெருவில் எல்லோரும் மூட்டை சுமந்த அவன் முதுகைப் பார்த்தவர்கள். இப்போது இழுத்து நடக்கும் காலைப் பார்ப்பார்கள்.

நாள் முழுக்க அவனுக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. அவள் கிடங்கிலிருந்து வந்ததும் கத்தியை வாங்கிக்கொள்வான். தீட்டுக்கல்லை இடது காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் தேய்ப்பான். நகத்தில் வைத்துப் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். "கயித்த அறுத்தியா, கல்ல அறுத்தியா?" என்பான். எந்த லாரி வந்தது, யார் லீவு, எந்தக் கட்டு நனைந்திருந்தது என்றெல்லாம் கேட்பான். அடுப்பு ஊதிக்கொண்டே அவள் பாதிக்குப் பதில் சொல்வாள். அந்த வீட்டில் நடக்கும் நீண்ட பேச்சு அதுதான். சில நாள் அந்தத் தேய்க்கும் சத்தம் பல்லுக்குள் இறங்குவது போலிருக்கும். எழுந்து போய்ப் பிடுங்கி எறியலாமா என்று நினைப்பாள். நினைத்ததற்காக அப்புறம் குழம்பில் ஒரு கரண்டி அவனுக்குக் கூடுதலாக ஊற்றுவாள்.

விரல் வெட்டுப்பட்ட அன்று மதியத்துக்குமேல் லீவு சொல்லிவிட்டுக் கைலாசத்தின் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். கைலாசம் பழைய கத்தியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இரண்டு மடக்குக் கத்திகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். ஒன்று பழையது போலவே நேரான கூர் உள்ளது. மற்றதில் ரம்பம் மாதிரி சின்னச் சின்னப் பற்கள்.

"வெல ரெண்டும் ஒண்ணுதாம்மா. பழம், வெத்தல, பாக்குன்னா நேரா இருக்கறத எடுத்துக்கோ. கயிறுன்னா பல்லு வெச்சதுதான்."

கடை வாசலில் தொங்கிய கயிற்றுத் துண்டைக் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னார். நேர்க் கத்தி இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவதில் பிடித்தது. பல் கத்தி வைத்ததும் கவ்வியது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. கயிறு இரண்டாகிக் கிடந்தது. தோளுக்கு வேலையே இல்லை. மரியம்மாள் தன் தோளை நம்பாமல் இன்னொரு தடவை அறுத்தாள்.

"மொக்கையாயிட்டா தீட்டலாமா?"

"நம்ம கல்லுல முடியாது. ஒவ்வொரு பல்லா அரம் போடணும். அதுக்கு அவசியமும் இல்ல. ரெண்டு வருசம் ஒண்ணும் ஆவாது. அப்பறம் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோ."

இரண்டு கத்திகளையும் இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஜட்கா வண்டி ஒன்று போனது. எதிர்வீட்டுக்குள் தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. நேர்க் கத்தியை வாங்கினால் சாயங்காலம் அந்தோணி கையில் தீட்டக் கொடுக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் பகலெல்லாம் வழுக்கும் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்னும் எத்தனை வருஷம்? விரலில் சுற்றிய துணி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா கத்தி?" என்றார் கைலாசம், வேறு ஆள் காத்திருந்ததால்.

மரியம்மாள் நேர்க் கத்தியைப் பலகைமேல் திரும்ப வைத்தாள்.

"எனக்குதான்" என்றாள். பல் வைத்ததை வாங்கினாள்.

வீட்டில் அந்தோணி கல்லைக் கழுவி வைத்துக் காத்திருந்தான். விரல் கட்டைப் பார்த்தான். நடந்ததைச் சொல்லிப் புதுக் கத்தியைக் கொடுத்தாள். பல்லால் கடித்து அதை விரித்து, கட்டைவிரலைக் கூர்மேல் மெல்ல ஓட்டினான். பற்களின்மேல் விரல் நின்று நின்று போயிற்று.

"பல்லு வெச்சிருக்குது."

"ஆமா. தோளு வலி தாங்க முடியலய்யா."

அவன் கழுவி வைத்திருந்த கல்லை இடது காலால் ஓரமாகத் தள்ளினான்.

"கயித்துக்கு இதான் நல்லது" என்றான் பிறகு. தொடையில் அழுத்தி மடக்கி அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். எந்த லாரி வந்தது என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. கத்தி நன்றாக அறுத்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. தோள் வலி குறைந்தது. வீட்டில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து சாப்பிட்டான். திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். அவன் அதற்கும் வழி வைக்கவில்லை. தான் செய்தது தப்பில்லை என்று கிடங்குக்குப் போகும் வழியெல்லாம் அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். தப்பில்லைதான். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை லாரி வரவில்லை. பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்து கிடந்தது. பாய் காலியாக இருந்தது. கம்பையும் காணோம்.

முதலில் ரயில் தண்டவாளம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த லோகாம்பாளிடம் ஓடினாள். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை நிறுத்தாமல் தெருக்கோடியைக் கண்ணால் காட்டினாள்.

"அங்கதான் கீறாரு. போய்ப் பாரு."

தெருக்கோடி அடிபம்பில் அந்தோணி நின்றிருந்தான். கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன. இடது கையால் பம்பின் கைப்பிடியை அமுக்கி, அது தானாக மேலே வரும்வரை மூச்சு வாங்கி, மறுபடி அமுக்கினான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு வாய்த் தண்ணீர், அவள் தினமும் சுமக்கும் வீட்டுக் குடத்துக்குள் விழுந்தது. அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். ஒருத்தி இடுப்பை மாற்றிக் குடத்தை வைத்துக்கொண்டாள். அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்வை.

மரியம்மாள் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டுத் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் நின்றாள்.