வெள்ளைக்கண்ணி பூச்சியம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும்தான் நான் யாருக்காவது தேவைப்படுகிற ஆள். அன்று விடிந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டோரம் போவேன். குறித்து வைத்த ஐந்து இடங்களில் பத்துப் பத்து நிமிடம் அசையாமல் நின்று, காதில் விழுகிற, கண்ணில் படுகிற பறவைகளை எண்ணிப் படிவத்தில் எழுதி, பதுளையில் இருக்கிற பறவைச் சங்கத்துக்குப் படமெடுத்து அனுப்புவேன். சம்பளம் கிடையாது.

மற்ற நாளெல்லாம் லயத்து வீட்டு ஒற்றை அறையில் நானும் சுவரும்தான். மனைவி போய் ஆறு வருடம். மகள் நிஷாந்தினி கொழும்பில். அவள் கோல் எடுத்தாலும் எங்கள் மலைச் சிக்னலுக்கு ஒரு சொல் விளங்காது. "சிக்னல் இல்ல புள்ள" என்று வைத்துவிடுவேன். தினமும் எடுத்தவள் இப்போது மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிறாள்.

போன வாரம் சங்கத்துச் சுபாஜினி மிஸ் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு மாதம் நாற்பது வெள்ளைக்கண்ணிக் குருவி எண்ணியிருக்கிறேனாம். அப்புறம் இருபது, ஏழு, இந்த வருடம் முழுக்கப் பூச்சியம். 'இந்த மாதமும் இல்லையென்றால், அந்தப் பக்கம் அற்றுப்போய்விட்டது என்று அறிக்கையில் போடப்போகிறோம், அண்ணன்.'

களைக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்று கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டை போட்டேன். என் கணக்கு அறிக்கையில் வரப்போகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

வெள்ளைக்கண்ணி தீப்பெட்டி அளவுதான். பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இலைக்குள் இருந்தால் இருப்பதே தெரியாது. கூட்டமாகக் கீச்சிடுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை மூன்றாவது இடத்தில், சவுக்கு மரத்தடியில் நின்றேன். பனி. ஒரு சத்தமும் இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் பக்கத்து லயத்துப் பாக்கியலெட்சுமி வந்தாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். அவள் நான் சொல்லி எதைக் கேட்டிருக்கிறாள்? அதுவும் மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"என்னாண்ணே, காலங்காத்தால இந்தக் குருவிங்க இந்தக் கத்து கத்துது!"

"எந்தக் குருவி?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஒங்க தலைக்கு மேலதான்!"

பைனாகுலரைத் தூக்கினேன். கிளை முழுக்க வெள்ளைக்கண்ணி. அலகுகள் திறந்து திறந்து மூடின. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் வந்த பக்கம்தானே இத்தனை நாளும் அண்ணாந்து பார்த்தேன்? வராத பக்கம் எதற்குப் பார்க்கப் போகிறேன்?

இருபத்தேழு வருடம் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷின் பக்கத்தில் நின்றவன் நான். கீச்சுக்குரல்தான் முதலில் போகும் போல. பாக்கியலெட்சுமி போகும்வரை காத்திருந்து அழுதேன்.

கிளையில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. அதை மட்டும் எழுதினால் போதும். ஒருவருக்கும் தெரியாது, சனிக்கிழமையும் என்னிடமே இருக்கும். ஆனால் முந்தைய பூச்சியமெல்லாம் பொய்யாகவே நிற்குமே. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: 'வெள்ளைக்கண்ணி குறையவில்லை. எனக்குத்தான் காது கேட்கவில்லை. மூன்று வருடக் கணக்கையும் நம்ப வேண்டாம். வேறு ஆள் பாருங்கள்.'

படமெடுத்து அனுப்பினேன். உடனே போய்விட்டது. போனைப் பார்த்தேன், சிக்னல் நான்கு கோடும் நின்றது. அப்போதுதான் உறைத்தது. நிஷாந்தினிக்கும் கீச்சுக்குரல்தான்.

அங்கேயே நின்று அவளுக்குக் கோல் எடுத்தேன்.

"சிக்னல் எப்பவும் நல்லாத்தான் புள்ள இருந்திருக்கு. எனக்குத்தான் காது போயிருச்சு. நீ பேசு. அப்பா வைக்க மாட்டேன்."

அவள் வெகுநேரம் பேசினாள். இடையிடையே 'அப்பா' மட்டும் பிடிபட்டது. நான் வைக்கவில்லை.