அபண்டன்ட் மரம்

சுண்ணாம்பு அடித்த மாமரத்தைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் மாங்காய்தான் ஞாபகம் வரும். யோகப்பிரியாவுக்கோ எழுதுவதற்கு இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

முதலமடையில் அவள் வாக்கப்பட்ட வீட்டுத் தோட்டத்தில் எழுபது மரங்கள். கரையான் ஏறாமல் இருக்க வருஷா வருஷம் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதன்மேல் நீலப் பெயின்ட்டால் மரத்துக்கு ஒன்றாக இங்கிலீஷ் வார்த்தை எழுதினாள். சாதாரண வார்த்தைகள் இல்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் பரீட்சைக்காரர்கள் புருவத்தைத் தூக்க வேண்டிய வார்த்தைகள். ‘மெனி’ என்று சொன்னால் மார்க் ஏறாது, ‘அபண்டன்ட்’ என்று சொல்லுங்கள் என்று பாலக்காட்டு கோச்சிங் சென்டரில் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்று சரி என்றுவிட்டது. இரண்டு வருஷ வேலை. பேச்சுத் தேர்வில் ஏழு வாங்கிவிட்டால் போதும். முதல் தடவை அவள் வாங்கியது ஆறரை. அந்த அரையை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

கிணற்றடியில் தொடங்கி அகர வரிசையில் எழுதிக்கொண்டே போனாள். தினமும் விடியற்காலையில் மரம் மரமாக நின்று உரக்கப் படிப்பாள். அவளுக்கு மனப்பாடம் ஆனதோ இல்லையோ, மாமியார் சரஸ்வதியம்மாளுக்கு ஒரே மாதத்தில் எழுபதும் மனப்பாடம். அர்த்தம் தெரியாது. அது எதற்கு? எட்டாம் வரிசையில் மூன்றாவது மரம் என்று விரல் விட்டு எண்ணுவதைவிடப் பேர் சொல்வது எவ்வளவு சுலபம்!

“டேய் பிரதீப்பு, மெட்டிகுலஸ்ல செவ்வெறும்பு ஏறிருச்சு பாரு. அப்படியே ரெசிலியன்ட்டுக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்து” என்று மகனை, அதாவது யோகப்பிரியாவின் புருஷனை, விரட்டுவார்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த மாங்காய் வியாபாரி, ரெசிலியன்ட் என்பது புது ரகமா, கன்று கிடைக்குமா என்று கேட்டார். பிரதீப் சிரிக்காமல், “அடுத்த வருசந்தானுங்க குடுக்க முடியும்” என்றான். அழுத்தக்காரன்!

இரண்டாம் தடவை பரீட்சை கோயம்புத்தூரில். கோடையில் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று தேர்வாளர் அம்மா கேட்டார். எங்கள் ஊரில் கோடையில் தண்ணீர் ரொம்ப அபண்டன்ட், குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்து நிற்போம் என்றாள் யோகப்பிரியா. அந்த அம்மா நிமிர்ந்து, “அபண்டன்ட்?” என்றார். ஆமாம், வருஷத்துக்கு வருஷம் இன்னும் அபண்டன்ட் ஆகிக்கொண்டே போகிறது என்று இவள் அடித்துச் சொன்னாள்.

மறுபடியும் ஆறரை. இனி ஒரே ஒரு தடவைதான், மார்ச் தாண்டினால் காத்திருக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்தது. யோகப்பிரியா அழுதுகொண்டே சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

“ஏங்கண்ணு, என்ன பண்றே? பேரை அழிச்சுப்போட்டா நான் எந்த மரம்னு சொல்றது?” என்று சரஸ்வதியம்மாள் ஓடிவந்தார்.

“இந்த அபண்டன்ட்டாலதானுங்க அத்தை நான் கெட்டேன்!”

“அப்படீன்னா என்ன?”

“ஏராளம்னு அர்த்தங்க.”

சரஸ்வதியம்மாள் மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஆறு காய் தொங்கியது. போன வருஷம் அதுவும் இல்லை. “அட சாமி! இதுக்கா ஏராளம்னு பேர் வெச்சே?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யோகப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக இந்தக் காய்க்காத மரத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே அந்த வார்த்தையைப் படித்தாள், அதுதான் தண்ணீர்ப் பஞ்சம் என்றதும் அபண்டன்ட் வாயில் வந்திருக்கிறது! அழுகையோடு அழுகையாக அவளும் சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுபது மரத்துக்கும் மறுபடி பேர் வைத்தார்கள். அவள் அர்த்தம் சொல்வாள், எந்த மரத்துக்கு என்று அம்மாவும் மகனும் மல்லுக்கட்டுவார்கள். அம்மா இருக்கும்போது பிடிவாதக்காரி என்ற பேரை மரத்துக்கு ஏன் வீணாக்க வேண்டும் என்று பிரதீப் கேட்டு, அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினான். இடி விழுந்தும் துளிர்த்த மரம் ரெசிலியன்ட். காய்ப்பாரம் தாங்காமல் முட்டுக் கொடுத்து நிற்கும் ரோட்டோர மரம் அபண்டன்ட். கிணற்றடி மரத்துக்கு ரிலக்டன்ட்.

“மனசில்லாம செய்யறதுங்க அத்தை.”

“நல்ல பொருத்தம்! மனசில்லாமத்தான் காய்க்குது.”

மூன்றாம் தடவை. நீங்கள் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்று அட்டையில் இருந்தது. யோகப்பிரியாவுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. கிணற்றடி மரம்தான் வந்தது. அது காய்க்கத் தயங்குகிற மரம், ரிலக்டன்ட் என்றாள். என் கணவர் வெட்டலாம் என்பார், மாமியார் இந்த ஒரு வருஷம் பார்க்கலாம் என்பார், அதனால் நாங்களும் ரிலக்டன்ட். சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த வீட்டை விட்டுப் போக நானும் ரிலக்டன்ட்தான் என்று சொல்லிவிட்டாள். அது அவளுக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை. போதும் என்று தேர்வாளர்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் போனில் ரிசல்ட் வந்தது. ஏழு! யோகப்பிரியா தோட்டத்துக்கு ஓடினாள்.

“ஏழுன்னா எத்தனைக்குக் கண்ணு?” என்றார் சரஸ்வதியம்மாள்.

“ஒம்போதுக்குங்க அத்தை.”

“அப்ப ரெண்டு மரம் காய்க்கலையாட்ட இருக்குது.” சிரித்து முடித்துவிட்டு, “எப்பப் போகோணும்?” என்று கேட்டார்.

“அடுத்த மாசங்க.”

சரஸ்வதியம்மாள் கீழே கிடந்த சருகைக் காலால் ஒதுக்கினார். கிணற்றடி மரத்தைப் பார்த்தபடி, “சரி, போயிட்டு வா” என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ரிலக்டன்ட்டாத்தான் சொல்றேன், கேட்டுக்கோ.”