நல்ல காது

ஜீவமணிக்குத் தரைமேல் கோபம். தரை என்றால் பேசாமல் கிடக்க வேண்டாமா? கட்டிலில் புரண்டு படுத்தால் கூரை சுற்றியது. குனிந்து செருப்பை எடுத்தால் வாசல் சாய்ந்தது. கோயிலில் முழந்தாள்படியிட்டு எழுந்தால் மாதா சுரூபமே ஒரு பக்கமாகச் சரிந்து வந்தது. குடிகாரன் தள்ளாடினால் குடித்த சுகமாவது மிச்சம். இவனுக்கு அதுவும் இல்லை.

எல்லாம் ஐம்பத்தேழாம் வருஷச் சலாபத்தில், அந்த முத்துக்குளிப்புக் காலத்தில், வந்த வினை. முத்துக்குளிப்புக்குச் சர்க்கார் நாள் குறித்துவிட்டால் தூத்துக்குடிக் கரையில் முங்கத் தெரிந்த எவனும் வீட்டில் இருக்க மாட்டான். ஜீவமணியும் தடுமல் பிடித்த மூக்கோடு போனான். அல்போன்சா தலைபாடாய் அடித்துக்கொண்டாள், பெண்டாட்டி பேச்சை அன்றைக்கு யார் கேட்டது? பாதி ஆழத்தில் இடது காதுக்குள் டப்பென்று ஒரு சத்தம். அடிமணலில் கால் வைத்தபோது மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. இடுப்புக் கயிற்றைச் சுண்டினான். தோணியில் இருந்த கஸ்பார் தூக்கிவிட்டான்.

கஸ்பார் அல்போன்சாவின் அண்ணன். முங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது அந்தக் கரையில் மச்சான்தான். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு இருக்கிறவன் கண் அசர மாட்டான் அல்லவா?

"டாக்டர் வாயால சரின்னு வரட்டும் மாப்ள. அதுவரைக்கும் ஒனக்கு நான் கயிறு தொடமாட்டேன்" என்று கஸ்பார் சொல்லிவிட்டான்.

"வேற ஆளப் பிடிக்கேன்."

"பிடியேன். எந்தப் பய வாரான்னு நானும் பாக்கேன்."

எவனும் வரவில்லை. அடுத்த சலாபம் மாசிக் கடைசியில். அதற்குள் தலைச்சுற்றல் நின்றாக வேண்டும். ஜீவமணிக்கு முத்துகூட வேண்டாம். அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள், ஆழத்துக்கு இழுக்கும் கல்லோடு இறங்கும்போது உடம்பில் கனமே இல்லாமல் போகுமே, அது வேண்டும். அதை நினைத்தால் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே அவனுக்குக் கண் கலங்கும்.

டாக்டர் சக்ரபாணி ஆழ்வார்திருநகரிக்காரர். மதராஸில் காது வைத்தியம் படித்தவர். முங்குகிறவர்களுக்கு வரும் உள்காது நோயை ஆராய்ச்சி செய்வதற்கென்று கடற்கரையை ஒட்டி ஓர் அறை பிடித்திருந்தார். அவருடைய பரிசோதனை வேடிக்கையானது. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மீன் கம்பெனி ஐஸ் போட்டுக் குளிர வைத்த தண்ணீரைக் காதில் ஊற்றுவார். பிறகு கண்மணி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்.

"காதுக்குள்ளே ரொம்ப உள்ளே, நாம நிமிர்ந்து நிக்கறதைப் பாத்துக்கறதுக்குன்னே ஓர் இடம் இருக்கு ஓய். உமக்கு எவ்வளவு மிச்சம்னு பாப்போம்."

இடது காதில் ஊற்றியபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வலது காதில் ஊற்றியதும் நாற்காலி கழன்றது, அறை கவிழ்ந்தது, ஜீவமணி கல்லைப் பிடித்தவன் மாதிரி இறங்கினான். இறங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்து இரண்டு தரம் சுண்டினான்.

"என்ன ஓய், கோட்டைக் கிழிச்சுடுவீர் போலிருக்கே!" என்று அவர் சிரித்தார்.

தலைச்சுற்றல் உள்ள முங்காளிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சீசா மாத்திரை கொடுத்தார். பாதிச் சீசாக்களில் புது மருந்து, மீதியில் வெறும் மாவு. எது எவன் கையில் என்று அவருக்கே தெரியாது. மதராஸில் ஒருவருக்குத்தான் தெரியுமாம். அப்படிச் செய்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். "அவாவா சீசா அவாவாளுக்கு. யாருக்கும் கொடுக்கப்படாது, கேட்டீரா?"

மார்கழியில் ஜீவமணிக்குக் கூரை நின்றது. கிறிஸ்மஸ் பூசையில் முழந்தாள்படியிட்டு நேராக எழுந்தான், மாதா அசையவில்லை. பக்கத்தில் நின்ற அல்போன்சா முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, "இப்படியே சாப்பிட்டுண்டு வாரும், மாசியிலே பேசுவோம்" என்றார். கஸ்பார் பரணில் கிடந்த கயிற்றை எடுத்து வெயிலில் உலர்த்தினான்.

அப்போதுதான் மிக்கேல் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். ஒரே தோணியில் முங்குகிறவன். அவன் சீசா பாதி காலியாகியும் அவனுக்குத் தலை நிற்கவில்லை.

"தோணியில நீ அள்ளுனதும் நான் அள்ளுனதும் ஒரே குவியல்தானலே. கரைக்கு வந்துதான பங்கு? இது மட்டும் எப்படி ஒனக்குத் தனியா ஆச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஜீவமணி சண்டை போட்டிருப்பான். மிக்கேல் சாதாரணமாகத்தான் கேட்டான். அன்றைக்கு முழுக்க ஜீவமணி அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்தான். சீசாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தான், எடுத்தான், மறுபடியும் ஒளித்தான். மறுநாள் கரையில் பாய்த்துணியை விரித்து முதல் ஆளாகத் தன் சீசாவைக் கவிழ்த்தான். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். எல்லாம் ஒரே வெள்ளை. கலந்து, சிப்பியைப் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டார்கள்.

தை முடிவதற்குள் மிக்கேல் சுவரை விட்டு நடந்தான். ஜீவமணிக்குக் கூரை மறுபடியும் அசையத் தொடங்கியது.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மருந்து தின்னது யார், மாவு தின்னது யார்? இனிமே பெருமாள்தான் சொல்லணும்! நிரூபிச்சிருந்தேன்னா இந்தக் கரையிலே அத்தனை பேருக்கும் கிடைச்சிருக்குமே ஓய்!"

"அது வார வரைக்கும் மிக்கேல் சுவரப் பிடிச்சிக்கிட்டே நடக்கணுமே அய்யா."

டாக்டர் சோதனை நோட்டை மூடி வைத்தார். புது மாத்திரை வர ஆடி ஆகும் என்றார். வாசலில் நின்ற கஸ்பார் அதைக் கேட்டுவிட்டான். அன்றே கயிறு பரணுக்கு ஏறியது.

சலாபம் தொடங்கியது. விடியலில் தோணிகள் பாய் விரித்துப் போவதை ஜீவமணி கரையில் உட்கார்ந்து பார்த்தான். கஸ்பாரைக் கயிறு பிடிக்க இரண்டு தோணிக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மணலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க கடலுக்குப் போவாட்டி எனக்கு நிம்மதிதான்" என்றாள் அல்போன்சா. "ஆனா நீங்க அங்கனயே பாத்துக்கிட்டு இருக்கத என்னால பாக்க முடியலயே."

சலாபம் முடியப்போகும் சமயத்தில் ஒரு மத்தியானம் ஜீவமணி எழுந்து டாக்டர் அறைக்கு நடந்தான். கஸ்பாரும் பின்னாலேயே போனான். டாக்டர் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அந்த ஐஸ் தண்ணிய ஒரு தரம் ஊத்துவீங்களா?"

"சோதனைதான் முடிஞ்சுபோச்சே. வீணா தலை சுத்தும் ஓய்."

"தெரியும் அய்யா. நல்ல காதுலயே ஊத்துங்க."

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து பீச்சாங்குழலை எடுத்தார், ஆள் அனுப்பி ஐஸ் வாங்கிவரச் சொன்னார்.

ஜீவமணி நாற்காலியில் சாய்ந்தான். தோளில் கிடந்த துண்டின் ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மறுநுனியைக் கஸ்பாரிடம் நீட்டினான். கஸ்பார் வாங்கிக்கொண்டான். தண்ணீர் காதுக்குள் இறங்கியதும் ஜீவமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

துண்டு இழுபடவில்லை. சுற்றல் நிற்கும் நேரமாயிற்றே என்று டாக்டர் குனிந்து பார்த்தார். மூடிய இமைகளுக்குக் கீழே கண்மணி ஓடிக்கொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் அய்யா" என்றான் கஸ்பார். "அவனுக்கு மூச்சு மிச்சம் கெடக்கு."

துண்டை அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.